பாக்கோவுக்குப் போர்த்திய பொன்னாடை

பாக்கோ போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய மனைவி கார்மென்தான் தொலைபேசியில் சொன்னார். கார்மெனுக்கு ஸ்பானிய மொழிதான் ஓடும், எனக்கு அது ஓடாது. ஆங்கிலத்தில் "பாக்கோ" என்றார், கொஞ்சம் பொறுத்து "இன்று காலை" என்றார். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. நான் அப்போது தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், நான் ஓட்டும் பஸ்ஸை நிறுத்திவிட்டு இடைவேளைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தேநீரை முடித்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஷிப்ட் முடிந்த பிறகுதான் லண்டனில் எங்கள் ஊர்க்காரர் நடத்தும் விளையாட்டுக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. அவரைக் கண்ணாலும் காணாதவர்கள்தான் முதலில் கும்பிட்டார்கள்.

இந்த வருட விளையாட்டு விழா மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி கேட்டவர் கழகத் தலைவர் குலசிங்கம் அண்ணை. "நீர்தானே ஐசே அவரோட கூடத் திரிஞ்சனீர்" என்றார். ஓம், திரிந்தேன். கழகச் செயலாளர் என்ற முறையிலும், பாக்கோ சொல்வது விளங்குகிற ஒரே ஆள் என்ற முறையிலும் திரிந்தேன். நான் லண்டனுக்கு வர முந்திப் பல வருடம் பாரிசில் சட்டி கழுவியவன். பாக்கோ தெற்குப் பிரான்சில் உதைபந்து அடித்தவர். இரண்டு பேருடைய பிரெஞ்சும் நொண்டிப் பிரெஞ்சு, அதனாலேயே ஒன்றுக்கொன்று நன்றாக ஒத்துப்போனது. அவர் பேசியவற்றை இங்கே எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு அவர் அப்படித்தான் கேட்பார்.

எங்கள் சுவரொட்டிகளில் அவரை "ஸ்பெயின் நாட்டின் முன்னாள் நட்சத்திர வீரர்" என்று போட்டோம். அவர் நட்சத்திரம் இல்லை. வட ஸ்பெயினில் ஒரு சின்னத் துறைமுகப் பட்டினத்தில், மீன் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றில் பல வருடம் நடுக்கள வீரராக ஆடினார். அந்தக் கழகம் ஒரே ஒரு தடவை முதலாம் பிரிவுக்கு ஏறியது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை பாக்கோ மைதானத்து ஓரத்தில் மாற்று வீரர்களின் வாங்கில் இருந்தபடி கழித்தார். அடுத்த பருவம் கழகம் இறங்கியது, அவரும் கூடவே இறங்கினார். பிறகு பிரான்சு, அங்கே முழங்கால் போனது. ஊருக்குத் திரும்பி முகாமையாளர் ஆனார். நான்கு கழகங்கள், நான்கிலும் அவரை வேலையை விட்டுக் கலைத்துவிட்டார்கள். மகளுக்கு லண்டனில் வேலை கிடைத்தபோது புருசனும் பெண்சாதியுமாக அவளோடு வந்துவிட்டார்கள்.

நானும் அவரும் சந்தித்தது ஆஸ்பத்திரியில், முழங்கால் காட்டுகிற இடத்தில். இரண்டு பேரும் ஒரே பக்கத்துக் காலை நீட்டிக்கொண்டு இருந்தோம். எந்த இடத்தில் விளையாடினீர் என்று கேட்டார். எங்கள் ஊர் ரீமில் பின்களத்தில் என்றேன். ரீமுக்கு முகாமையாளர் யார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை, எல்லாரும்தான் என்றேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் தாதி வந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு காலை ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மைதானத்துக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அவரே முகாமையாளர், ஒரு சதம் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பந்தடி உங்களுக்குத் தெரியும். பந்து காலுக்கு வந்தால் தூக்கி அடிப்பது, அது எங்கே போகிறது என்பது முருகன் பாடு. பாக்கோ அதை முழுதாக மாற்றப் பார்த்தார். தமிழில் இரண்டு சொல் கற்றுக்கொண்டார்: "பொறு", "குடு". கோட்டுக்கு வெளியே நின்ற எங்கள் பெரியவர்கள் "தூக்கி அடியடா" என்று கத்த, அவர் "பொறு, பொறு" என்று கத்த, உள்ளே நின்ற பொடியள் யார் சொல் கேட்பது என்று தெரியாமல் அந்தரித்தார்கள். அதற்கிடையில் எதிரணிக்காரன் பந்தைக் கொண்டுபோய்விடுவான்.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான். "கஷ்டத்தில நிக்கிறவனுக்குப் பந்தைக் குடுக்காதை. அவன் வெளியால வருமட்டும் நீயே வைச்சிரு. நடுவில நிக்கிறவன்ர வேலை அதுதான்." நான் இதை எத்தனையோ ஞாயிறு தமிழாக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தூக்கி அடித்தார்கள்.

அந்தப் பருவத்துக் கோடைச் சுற்றுப்போட்டியில்தான் வினை வந்தது. அரையிறுதியில் எங்களுக்கு எதிராக நின்றது எங்கள் பக்கத்து ஊர்க்காரர் லண்டனில் வைத்திருக்கும் கழகம். பக்கத்து ஊர் என்றால் என்னவென்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆட்டம் முடியப் போகும் நேரம் எங்கள் கப்டன் பந்தைத் தூக்கி அடிக்காமல், பாக்கோ பழக்கியபடி பொறுத்து, பின்னுக்குத் திரும்பிக் கோல் காக்கும் கோலியிடம் கொடுத்தார். கோலியைச் சுற்றி அவர்களுடைய ஆட்கள் நின்றார்கள். பந்து எங்கள் வலைக்குள் போனது. கப்டன் நிலத்தில் குந்திவிட்டார். பாக்கோ போய்ப் பக்கத்தில் தானும் குந்தி, அவருடைய முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

பேசுவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள். அன்று பின்னேரமே கனடாவிலிருந்து தொலைபேசி. "பக்கத்து ஊரானிட்டயோ தோத்தனீங்கள்?" ஊரிலிருந்தும் எடுத்தார்கள். குலசிங்கம் அண்ணையின் கடைக்குச் சாமான் வாங்க வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் காசு கொடுக்கும்போது "பின்னுக்கும் குடுப்பியளோ?" என்று கேட்டாராம். அண்ணைக்கு அதைத் தாங்க ஏலவில்லை. செயற்குழு அவருடைய கடைப் பின்னறையில் கூடி, பாக்கோவை நிறுத்துவது என்று முடிவெடுத்தது. நான் மாட்டேன் என்று கை தூக்கினேன். என்னோடு வேறு கை எழும்பவில்லை. அந்த மனிதருக்கு எங்களைத் தவிர வேறு ரீம் இல்லை என்று சொன்னேன். ஞாயிறு இல்லாவிட்டால் அவருக்குக் கிழமையே இல்லை என்றும் சொன்னேன். அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டுதான் நிறுத்தினார்கள்.

"ஆனா மனுசனை மரியாதையாத்தான் அனுப்ப வேணும்" என்றார் அண்ணை. ஆகவே வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பாக்கோவுக்குச் சேவை நலன் பாராட்டு.

எங்களில் ஒருவர் என்றால் மண்டப வாசலில் கட்டிய பனர்த் துணியைக் கண்டதுமே விளங்கியிருக்கும். சேவை நலன் பாராட்டு என்று எழுதிவிட்டால் நாளையிலிருந்து வீட்டில் இருங்கள் என்று அர்த்தம். அதிபர்களையும் தபாலதிபர்களையும் நாங்கள் அப்படித்தான் அனுப்பி வைத்திருக்கிறோம். பாக்கோ அதற்குக் கீழே கோட்டும் சூட்டுமாக நின்று படம் எடுத்தார். பக்கத்தில் கார்மென், சிவப்புச் சட்டை.

குலசிங்கம் அண்ணை அன்று பேசிய பேச்சு இன்றும் சிலருக்கு நினைவிருக்கும். "நடுக்களத்துச் சிங்கம்" என்றார். "ஸ்பெயின் எங்களுக்குத் தந்த செல்வம்" என்றார். இப்படி ஒருவர் இனிக் கிடைப்பாரா என்று சபையைக் கேட்டார். நான் பாக்கோவின் காதுக்குள் ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தேன். போகச் சொல்லும் அந்த வசனம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. அண்ணை பொன்னாடையைப் போர்த்தி, கேடயத்தைக் கையில் கொடுத்து, கட்டிப்பிடித்து, இறங்கிவிட்டார். பொன்னாடை சொல்லிவிட்டது என்று அவர் நினைத்தார், சபையும் அப்படியே நினைத்தது.

பாக்கோ எழும்பி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "என்ர வாழ்க்கையில ஒரு கழகமும் எனக்கு இப்பிடிச் செய்யேல்லை." நான் மொழிபெயர்த்தேன். எல்லாரும் கை தட்டினார்கள், கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு. பிறகு மட்டன் ரோல்ஸ், இடியப்பம், சொதி. கார்மெனுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகவும் பார்சல் கட்டிக் கொடுத்தோம். போகும்போது பாக்கோ என்னிடம் "ஞாயிறு பாப்பம்" என்றார்.

இது அண்ணைக்கும் கேட்டது. அவர் என்னை மண்டபத்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஐசே, மனுசனுக்கு விளங்கேல்லைப் போல கிடக்கு. நீர் ஒருக்கா பிரெஞ்சில வடிவாச் சொல்லிவிடும்."

"அண்ணை, நீங்கள் தமிழில சொல்லாததை நான் பிரெஞ்சில எப்பிடிச் சொல்லுறது?"

"நீர்தானே செயலாளர்" என்றார் அண்ணை.

ஞாயிறு காலை ட்ராமில் அந்த வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். பிரெஞ்சில் அது சின்ன வசனம்தான். பாக்கோ, இனி நீங்கள் வரத் தேவையில்லை. இறங்கும்வரை வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன், மரியாதையாகவும் இருந்தது, இலக்கணமும் சரி போலத்தான் இருந்தது. மைதானத்து வாசலில் பாக்கோவின் கார் நின்றது. அவர் பின்கதவைத் திறந்து, பயிற்சிக்கு நிலத்தில் வைக்கும் மஞ்சள் கோன்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். குளிருக்கு எங்கள் பொன்னாடையைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். சரிகைக் கரை நாடிக்குக் கீழே மினுங்கியது. நான் கிட்டப் போய் வாயைத் திறந்தேன். அவர் பாதிக் கோன்களை என் கையில் தந்து, "அந்தப் பக்கம் வையும்" என்றார். நான் போய் வைத்தேன்.

பொடியள் வந்து அவரையும் பார்த்து என்னையும் பார்த்து, ஓடத் தொடங்கினார்கள். பத்து மணிபோல் குலசிங்கம் அண்ணை வந்தார். பாக்கோ ஓடிப்போய் அவரை இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். கார்மென் கொடுத்துவிட்ட உருளைக்கிழங்கு முட்டைப் பொரியலைக் காரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணை அதை நின்றபடியே தின்று முடித்தார். திரும்பிப் போகும்போது என்னிடம் "வாற கிழமை பாப்பம்" என்றார்.

அந்த வாற கிழமை வரவே இல்லை. வருடக்கணக்காகப் பாக்கோவே எங்கள் முகாமையாளர். செயற்குழு எடுத்த முடிவை ஒருவரும் மாற்றவும் இல்லை, ஒருவரும் நிறைவேற்றவும் இல்லை. கிண்ணம் என்று ஒன்று எங்களுக்கு வரவில்லை. பக்கத்து ஊரை ஒரு தடவை வென்றோம், அன்று எல்லாரையும் விட உரக்க "பொறு, பொறு" என்று கத்தியவர் குலசிங்கம் அண்ணைதான். அண்ணை இதை வாசித்தால் கோபிக்கக் கூடாது, பக்கத்தில் நின்றவன் நான். குளிர்காலம் முழுக்கப் பாக்கோ அந்தப் பொன்னாடையோடுதான் நின்றார். பாவம், அது என்னவென்று தெரியாமல் போட்டிருக்கிறார் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். எனக்கு அதைக் காணும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

போன மாசி மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். நோய் முற்றிவிட்டது, அவருக்கும் தெரியும். கார்மென் கோப்பி வாங்க வெளியே போயிருந்தார். பாக்கோ முதலில் ஞாயிறு ஆட்டத்தைக் கேட்டார். தோற்றோம் என்றேன். பிறகு எந்த முன்னுரையும் இல்லாமல், தன்னைக் கலைத்த கதைகளைச் சொல்லத் தொடங்கினார்.

"ஒருக்கா தலைமயிர் வெட்டிக்கொண்டு இருக்கேக்க ரேடியோவில கேட்டன். ஒருக்கா என்ர அறைத் திறப்புப் பூட்டுக்குள்ள போகேல்லை, பூட்டை மாத்திப்போட்டாங்கள். ஒருக்கா தலைவர் அழுதார், நான்தான் அவருக்குத் தண்ணி குடுத்தன். உங்கட ஆக்கள் மட்டும்தான் சால்வை போட்டவை."

நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "கலைக்கிற மணம் எனக்குத் தெரியாமல் இருக்குமே? தலைவர் கட்டிப்பிடிக்கேக்கயே விளங்கீற்றுது."

அப்படியென்றால் ஞாயிறு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"கோன்கள் என்ர காருக்குள்ள கிடந்தது. கழகத்தின்ர சாமான். திருப்பிக் குடுத்திட்டுப் போகத்தான் வந்தனான். அப்ப நீர் ட்ராமால இறங்கி வந்தீர். உம்மட முகத்தைப் பாத்தன். கஷ்டத்தில நிண்டீர். அதுதான் நீர் சொல்ல முந்திக் கோனைத் தந்தன்."

சாளரத்துக்கு வெளியே கார் தரிப்பிடம் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல, அன்றைக்கு என்ன வசனம் கொண்டுவந்தீர் என்று கேட்டார். மறந்துபோச்சு என்றேன். "நல்லது. உம்மட பிரெஞ்சில அது இன்னும் கேவலமா இருந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. கார்மென் கோப்பியோடு வந்தார். நாங்கள் மீண்டும் ஞாயிறு ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம்.

செத்தவீட்டுக்குக் கழகம் முழுக்க வந்தது. அந்தப் பழைய பொன்னாடையைக் கார்மென் அவருடைய கழுத்தில் சுற்றியிருந்தார், மைதானத்தில் சுற்றுகிற மாதிரியே இரண்டு சுற்று. குலசிங்கம் அண்ணை அதைக் கண்டதும் ஒரு மூலையில் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதார். ஆஸ்பத்திரியில் பாக்கோ சொன்னதை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. இதை வாசிக்கும்போதுதான் அவருக்கும் தெரியவரும். பெட்டியை மூட முந்தி அண்ணை என்னைக் கூப்பிட்டு, "நீர் ஒருக்கா பிரெஞ்சில ஏதும் சொல்லும், அவருக்கு விளங்கும்" என்றார்.

கோன்கள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன, கார்மென் கொடுத்துவிட்டார். அவை கழகத்தின் சாமான். பாக்கோவிடமிருந்து எனக்கென்று இருப்பது ட்ராமில் பாடமாக்கிய அந்த ஒரு வசனம்தான், ஒரு சொல்லும் மறக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றபோது அது வாய் வரைக்கும் வந்தது. பாக்கோ, இனி நீங்கள் வரத் தேவையில்லை. நான் சொல்லவில்லை. "ஞாயிறு பாப்பம்" என்றுதான் சொன்னேன்.