ஈரோட்டுக்கு எட்டாத துடியலூர்

கிருபாசங்கரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைக் கோளாறுகள்தான்: லைன்காரன் செய்தது, கிளைக்காரன் செய்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று தன் உத்தியோக காலத்தில் அவர் நினைத்ததே இல்லை. துடியலூரில் மஞ்சள்தூள், மசாலாத்தூள் விற்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவர் நெட்வொர்க் மேனேஜர். அவருக்குக் கீழே ஆள் கிடையாது, ஆனாலும் மேனேஜர். வாங்கிய சான்றிதழ்களையெல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அவற்றில் காலாவதியானவற்றில் மட்டும் தேதி இருக்கும் மூலையில் மருதமலை முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, இணையவழி வகுப்பு ஒன்றில் யாரோ சொன்னதைக் கேட்டார். ரௌட்டர்கள் ஒன்றையொன்று “இருக்கிறாயா?” என்று அவ்வப்போது விசாரித்துக்கொள்ளும். அந்த இடைவெளியைக் குறைத்தால் லைன் அறுந்தது சீக்கிரம் தெரிந்துவிடும். கிருபாசங்கருக்குக் கை அரித்தது. தலைமை அலுவலக ரௌட்டரில் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து மாற்றினார். அவிநாசிக் கிளையில் மாற்றினார். மிச்சம் ஈரோடு மட்டும்தான். அப்போது பார்த்து கவுண்டம்பாளையத்துக் கிரகப்பிரவேசச் சாப்பாடு ஞாபகம் வந்தது. முதல் பந்திக்குப் போனால்தான் பாயசம். எழுந்து போய்விட்டார்.

இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வைத்திருந்தால்தான் ரௌட்டர்கள் ஒன்றையொன்று அண்டை வீடாக ஏற்கும். இல்லையென்றால் கம்பி நன்றாக இருந்தாலும் தகவல் போக்குவரத்து நின்றுவிடும். பங்காளி வீடுகளுக்கு நடுவில் பாதை நன்றாகத்தான் இருக்கும். யாரும் நடக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஈரோட்டுக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ராசாத்தாள் போன் செய்தார்.

“ஏனுங்க கிருபா, சரக்கு லாரியில ஏறி நிக்குதுங்க. பில்லு வரமாட்டீங்குதுங்க.”

“கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா.”

“பண்ணிப்போட்டேனுங்க.”

“மறுபடியும் பண்ணுங்க.”

ராசாத்தாள் மறுபடியும் செய்தார். லாரி நின்றுகொண்டே இருந்தது. கிருபாசங்கர் லைன் கம்பெனியின் யூனுஸைக் கூப்பிட்டுக் கத்தினார். யூனுஸ் பொறுமையாகச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“லைன்ல ரெண்டு முனையும் பேசுதுங்க சார். உங்க ரௌட்டர்ல கடைசியா ஏதாச்சும் மாத்துனீங்களா, கொஞ்சம் பாருங்க.”

“எனக்கே ரௌட்டர் சொல்லித் தர்றயா தம்பி? உங்க லைன்ல சத்து இல்லை!”

லைனில் சத்து என்பது எந்தப் பாடத்திலும் இல்லாதது. அவர் அந்த நிமிடம் கண்டுபிடித்தார். முதலாளி சுப்பண்ணனிடமும் அதையே சொன்னார். சுப்பண்ணனுக்கு அது உடனே விளங்கியது.

“மோட்டார் ஓடுது, தண்ணி வரலீன்னா பைப்பைத்தானுங்க பாக்கோணும்? நேர்ல போயிட்டு வந்துருங்க.”

கம்பெனிக் காரில் ஈரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். லேப்டாப்பை ரௌட்டரில் செருகி, அமைப்பைத் திறந்து பார்த்தார். இடைவெளிக்கான பழைய எண் அப்படியே உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை பாயசத்துக்காகப் பாதியில் எழுந்து போனது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் ராசாத்தாள் மோர் டம்ளரோடு நின்றார். கிருபாசங்கர் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு வரி தட்டினார். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று பில்களைத் துப்பத் தொடங்கியது.

“அட, வந்துபோட்டுதுங்களே! என்னங்க ஆச்சு?”

“லைன் வீக்குங்கக்கா. இந்தப் பக்கம் கொஞ்சம் பலப்படுத்தியிருக்கறேன்.”

ராசாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “லைனு ரோட்டுல போகுது. நீங்க உக்காந்த எடத்துலயே பலப்படுத்திப்போட்டீங்க. பெரிய கைதானுங்க உங்களுது. மோரு குடிங்க.”

கொங்கு நாட்டில் செருப்படிக்கும் ‘ங்க’ போடுவார்கள். கிருபாசங்கர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மோரைக் குடித்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சுப்பண்ணன் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். யூனுஸின் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் ரத்தானது. சோதனை விவரங்களை எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்க வந்த யூனுஸ் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தான். பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் அவனைக் கடந்துபோன கிருபாசங்கர் தோளைத் தட்டினார். “மேலிடத்து முடிவு தம்பி. நம்ம கையில என்ன இருக்குது?” அதைச் சொல்லும்போது அவருக்கே அது உண்மை போலத்தான் பட்டது.

புதிய லைன், சுப்பண்ணனின் மச்சான் நடத்தும் கம்பெனியுடையது. கூடவே முதலாளிக்கு இன்னொரு யோசனையும் வந்தது.

“இத்தனை கெட்டிக்காரரு ஊட்டுக்குப் போனா சும்மாதான இருக்காரு? அவரு ஊட்டையும் ஒரு கிளையாக்கிப்போடுங்க.”

வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு ரௌட்டர் வந்து உட்கார்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஈரோடு அறுந்தது. போன் விடாமல் அடித்தது.

“ஒண்ணு அந்தப் போனை எடுங்க, இல்லீன்னா அந்த டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில எறிஞ்சுபோடுவேன்” என்றாள் மனைவி அக்ஷயா.

கார் கிடைக்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே போனார். ஈரோட்டில் குழி தோண்டுகிற இயந்திரம் சாலையோரம் கம்பியை நிஜமாகவே அறுத்துப் போட்டிருந்தது. அந்தக் குழியருகே உச்சி வெயிலில் நின்று, மச்சான் கம்பெனிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.