நெற்றிக்குச் சூடு காட்டிய வாரம்

பள்ளிக்கூடத்தில் மாணவர் நலன் பார்க்கும் டீச்சர் வேலை என்னவென்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: வந்த பிள்ளைகளை மற்ற டீச்சர்கள் பார்த்துக்கொள்வார்கள், வராத பிள்ளை என் தலையில் விடியும். கோவிட் கட்டுப்பாட்டைத் தளர்த்திய நாட்களில் உங்களில் யாராவது ஒரு பள்ளிக்கூட கேட்டில் நின்றிருந்தால் நான் சொல்வது புரியும். நாம் பட்ட பாடு வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால்கூட விளங்காது.

எங்களுடையது மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததைத் திறந்த அன்று ஹெட்மாஸ்டர் என் கையில் நெற்றிச் சூடு பார்க்கும் மெஷினைக் கொடுத்து, "கேட் உங்க பொறுப்பு" என்றார். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருந்தது. அதற்கு முன்னால் நான் பிரம்பைக்கூடத் தூக்கியதில்லை.

வராத வீடு

முதல் வாரம் பதினோரு பேர் வரவில்லை. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். சட்டை சின்னதாகிவிட்டது, சப்பாத்து பத்தவில்லை, பிள்ளை காலையில் எழுந்திருக்கவே மறந்துவிட்டான் என்று பத்து வீட்டுக்குப் பத்துக் காரணம். எல்லாவற்றையும் எப்படியோ சரிக்கட்டிவிட்டேன். மிஞ்சியது ஆறாம் ஆண்டு தர்ஷினி. தோட்டத்தில் கொழுந்து வெட்டும் அவள் அம்மா செல்விக்குப் போன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்தது. அந்த ஆட்களுக்குப் பதினாலாம் நம்பர் மலையில் ஏறினால்தான் லைன் கிடைக்கும். அந்த மலையை வெட்டி முடித்து இறங்கிவிட்டால், ஒரு சுற்று சுற்றி மறுபடி அங்கே ஏற மூன்று வாரமாகும். அதுவரை போன் வெறும் கைவிளக்குதான்.

சரி என்று, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கே போனேன். கதவைப் பாதி திறந்து, சங்கிலியைக் கழற்றாமலே செல்வி பேசினார். அவர் வீட்டுக்காரர் மணி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருநாள் காலையில் தொழிற்சாலை கேட்டில் நெற்றியில் மெஷினைக் காட்டியிருக்கிறார்கள். அது சிவப்பு விளக்கோடு கத்தியிருக்கிறது. அங்கிருந்தே ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்து மாற்றுத்துணி எடுக்கக்கூட விடவில்லை. பன்னிரண்டாம் நாள், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் போனில்தான் செல்வியும் தர்ஷினியும் அடக்கத்தைப் பார்த்தார்கள்.

நான் கொண்டுபோனது, ஆறாம் ஆண்டுக்கு அடுத்த வகுப்பான படிவம் ஒன்றுக்கான விண்ணப்பம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அம்மா கையெழுத்துப் போட்டுப் போகாவிட்டால், தர்ஷினிக்கு இடைநிலைப்பள்ளியில் இடம் கேட்க முடியாது. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி அவள். "கையெழுத்துப் போட்டா அனுப்பணும்ல" என்று செல்வி பேனாவைத் தொடவே இல்லை. இருந்த சமாதானத்தை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "நீங்க கேட்டுல புடிக்கிறீங்களே, அந்த மெஷினுதான் டீச்சர் அவர தூக்கிட்டுப் போச்சு. என் புள்ளய அதுக்கு முன்னாடி நிறுத்த மாட்டேன்."

மெஷினுக்கே குளிர்

மலையில் காலை ஏழு மணி எப்படி இருக்கும் என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. எதிரில் நிற்கிற ஆளின் மூக்கு தெரியாத பனி. பிள்ளைகள் அதில் நடந்தும், அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்தும் வந்து சேரும்போது நெற்றி ஐஸ் கட்டியாக இருக்கும். மெஷினைக் காட்டினால் எண்ணே வராது, 'லோ' என்று காட்டிவிட்டுக் கம்மென்று இருக்கும். ஹெட்மாஸ்டரோ, எண் எழுதாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மேலிடத்துக்கு அனுப்பும் தாளில் 'லோ' என்று எழுதக் கட்டம் இல்லையாம்.

வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. சின்னதுகள் நடுங்குகின்றன. நான் ஒவ்வொரு நெற்றியாக உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் காட்டுகிறேன், அப்போதும் 'லோ'. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கேட்டில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்க்கும் சூசை அண்ணன் ஒரு கையில் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்: "டீச்சர், இந்த மெஷினு சொல்றத நம்புனா நம்ம பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் உசிரோட இல்லலா."

என் திருவாய்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இனிமேல்தான். அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானமே பெற்றோர் வாட்சாப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். "பிள்ளைங்க நெத்தி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு, மெஷின் படிக்க மாட்டேங்குது. அனுப்புறதுக்கு முன்னாடி நெத்திக்குக் கொஞ்சம் சூடு காட்டி அனுப்புங்க." அவ்வளவுதான். கம்பளித் தொப்பி போட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். ஆனால் தோட்டத்து அம்மா அப்பாக்களிடம் டீச்சர் ஒரு வேலை சொன்னால் அதைப் பாதியாகச் செய்து பழக்கமே கிடையாது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை முதல் பிள்ளைக்கே முப்பத்தெட்டரை. மெஷின் சிவப்பாகக் கத்தியது. அடுத்தவனுக்கு முப்பத்தொன்பது. அரை மணி நேரத்தில் ஏழு பேரைத் தனி அறையில் உட்கார வைத்துவிட்டோம். தனி அறை என்றால் விளையாட்டுச் சாமான் போடும் அறை. ஹெட்மாஸ்டர் வெளிறிப்போய் யாருக்குப் போன் செய்வது என்று பட்டியலைத் தேடுகிறார். ஏழு பேர் என்றால் பள்ளியையே மறுபடி பூட்டிவிடுவார்கள். ஒரு அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுகிறார். அப்போதுதான் இரண்டாம் ஆண்டு பொடியன் ஒருவன், அம்மா இஸ்திரிப் பெட்டியில் துண்டைச் சூடாக்கித் தலையில் கட்டிவிட்டதாகச் சொன்னான்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏழு பேருக்கும் முப்பத்தாறு. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அங்கேயே நின்று, மன்னிப்புக் கேட்டு, இனி யாரும் சூடே காட்ட வேண்டாம், பிள்ளைகளைப் பத்து நிமிஷம் உள்ளே உட்கார வைத்துவிட்டுப் பார்க்கிறோம் என்று இரண்டாவது பதிவு போட்டேன். அந்த முப்பத்தொன்பதின் அப்பா கணேசன், திரிங்காப்பில் இருந்து காய்கறி ஏற்றும் லோரி டிரைவர். மகனைத் தேடி ஓடி வந்தவர், விஷயம் தெரிந்ததும் கொஞ்சம் அடிபட்ட முகத்தோடு சொன்னார்: "பத்தாதோன்னு நெனச்சுத்தான் டீச்சர் லோரி பொனெட்டுல நெத்திய சாச்சு வச்சேன், இன்னும் வேணும்னா கம்போங் ராஜா வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்திருப்பேன்லா."

சங்கிலிக்குப் பின்னால்

புதன்கிழமை மறுபடி செல்வி வீட்டுக்குப் போனேன். விண்ணப்பம் போக இரண்டே நாள் பாக்கி. நான் கொஞ்சம் முன்கோபக்காரி, மறைப்பானேன். அதே பாதிக் கதவு, அதே சங்கிலி. பத்து நிமிஷம் பொறுமையாகப் பேசினேன். பதினோராவது நிமிஷம் வாய் முந்திக்கொண்டது. "நீங்க புள்ளயக் காப்பாத்தலம்மா, பூட்டி வச்சிருக்கீங்க" என்றேன். செல்வி கதவைச் சாத்தினார்.

புருஷனைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று என்னையே திட்டிக்கொண்டு படி இறங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து ஜன்னல் திறக்கும் சத்தம். தர்ஷினி தலையை நீட்டினாள். பார்க்காத இத்தனை மாதத்தில் முகமே நீண்டிருந்தது. உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவசரமாக, ரகசியமாகச் சொன்னாள்: "டீச்சர், யூனிபார்ம் குட்டையாப் போச்சு, அம்மா நேத்துதான் கீழ் மடிப்பைப் பிரிச்சு விட்டாங்க."

வெள்ளிக்கிழமை

ஏழு இருபது. எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போயாகிவிட்டது. பனிக்குள் இருந்து இரண்டு உருவம் வந்தது. செல்வி, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் கட்டிய துணியோடு அப்படியே வந்திருந்தார். தர்ஷினியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்குச் சிரிக்கக்கூடப் பயம், எங்கே திரும்பிப் போய்விடுவாரோ என்று. கேட்டுக்குள் வரச் சொல்லி, மெஷினைத் தூக்கினேன்.

முப்பத்தெட்டு புள்ளி நாலு. சிவப்பு விளக்கு. அந்தச் சத்தம்.

செல்வியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டார். ஹெட்மாஸ்டர் படியில் இருந்து, "தனி அறை, டீச்சர்" என்று கத்துகிறார். நான் ஓடிப்போய் மறித்தேன். தர்ஷினியின் நெற்றியைத் தொட்டால் ஈரச்சூடு, கன்னமோ பச்சைத்தண்ணீர் மாதிரி. "அம்மா, நெத்திக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "சுடுதண்ணி பாட்டில துணியில சுத்தி வழி நெடுக வச்சுக்கிட்டு வந்தோம். நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பதினாலாம் நம்பர்ல கேட்டேன்." அந்த மலையில் ஏறிய அன்று என் முதல் பதிவு அவர் போனில் இறங்கியிருக்கிறது. திங்கட்கிழமை நான் இரண்டாவதைப் போட்டபோது அவர்கள் மலையை முடித்துக் கீழே வந்துவிட்டார்கள். அடுத்த சுற்றுக்குத்தான் அது அவர் காதுக்குப் போகும்.

"தப்பு என் மேலம்மா. பத்து நிமிஷம் நில்லுங்க, போதும்" என்றேன். நின்றார், ஆனால் ரோட்டில்தான் நின்றார், மகள் கையை விடாமல். உள்ளே வகுப்பு மணி அடித்தது. தர்ஷினி ஆறாம் ஆண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உண்மையிலேயே காய்ச்சலாக இருந்தால் என்ன செய்வது என்ற யோசனைதான் எனக்கு. சூசை அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் ஆனதும் மெஷினைத் தூக்கப்போனேன். செல்வி ஒரு எட்டு பின்னால் போனார். என்ன தோன்றியதோ, மெஷினைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே புடிங்கம்மா. மொதல்ல எனக்கு" என்றேன்.

கொழுந்து வெட்டும் மெஷினை நாள் முழுக்கத் தாங்குகிறவர், இந்தச் சின்னச் சாமானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கம்பளித் தொப்பியைத் தூக்கிக் காட்டிய என் நெற்றிக்கு முப்பத்தாறு புள்ளி ஒன்று. சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினார். எண்ணை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தது தர்ஷினி. "முப்பத்தாறு புள்ளி ஏழும்மா." செல்வி அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து, தானும் ஒருமுறை படித்தார்.

விண்ணப்பத்தைச் சூசை அண்ணனின் ரிஜிஸ்டர் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தர்ஷினி மடிப்புப் பிரித்த பாவாடையோடு வகுப்பைப் பார்த்து ஓடினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்வி அவள் போன வழியைப் பார்த்தபடி மெஷினை என் கையில் வைத்து, அதட்டுகிற குரலில் சொன்னார்: "முப்பத்தாறு புள்ளி ஏழு, எழுதி வைங்க டீச்சர். மத்தியானம் நான் வந்து அளப்பேன், குடுத்த மாதிரியே எனக்குத் திருப்பித் தரணும்."

அன்று ஒரு மணிக்குத் தர்ஷினியை அவர் கையில் ஒப்படைக்கிறவரை யாராவது என் நெற்றியில் அந்த மெஷினைக் காட்டியிருந்தால், விளையாட்டுச் சாமான் அறையில் முதலில் என்னைத்தான் பூட்டியிருப்பார்கள்.