பெரியப்பாவின் அறைத் தரை

"குழாயைத் திருத்தலாம். பெரியப்பாவை என்னண்டு திருத்துவாய்?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் திருப்புளியும் குறடுமாக அந்த அறை வாசலில் நின்றேன். அம்மா உள்ளே வரவில்லை. அந்த அறைக்குள் அவ கால் வைத்துச் சில நாட்களாகியிருந்தன.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். அப்பா இல்லாத எங்களை மொன்ட்ரியாலுக்குக் கூப்பிட்டு, செயின்ட்-மிஷேலில் தன்னோடு வைத்திருந்தவர். இலை உதிரத் தொடங்கிய நாட்களில் ஆசுப்பத்திரியில் இறந்துபோனார். நாங்கள் இருந்தது ஓர் இத்தாலியக் கிழவர் தன் கையால் கட்டிய வீட்டின் கீழ்த்தளம். சீமெந்துத் தரைக்குள் குழாய் புதைத்துச் சுடுநீர் ஓடவிட்டிருந்தார். தரைதான் வீட்டுக்குச் சூடு தரும். ஒவ்வோர் அறைச் சுவரிலும் ஒரு சிறிய சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் அந்த அறையின் சூடு கூடும், குறையும்.

பெரியப்பா கட்டிலை விட்டுப் பாயில்தான் படுப்பார். "கொஞ்சம் கூட்டிவிடு பிள்ளை, எலும்பு குளிருது" என்பார். நான் கூட்டிவிட்டு வருவேன். அம்மா போய்க் குறைத்துவிட்டு வருவா. "இந்த மனுசனுக்கு வீட்டை அவிச்சால்தான் நித்திரை வரும்."

அவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாள் கழித்து அம்மா அந்த அறைச் சக்கரத்தை முழுதாக மூடிவிட்டா. குளிர்காலம் வந்தது. மூடிய அறை சுட்டது.

மற்ற யன்னல்களில் எல்லாம் பனி படர்ந்திருக்க, அந்த அறைக் கண்ணாடி மட்டும், யாரோ உள்ளேயிருந்து துடைத்துத் துடைத்துத் தெருவைப் பார்ப்பதுபோலத் தெளிவாக இருந்தது. கதவைத் திறந்தால் அவர் முழங்காலில் தேய்த்த நல்லெண்ணெயும் கற்பூரமும் மணந்தன. அவர் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு மணந்ததில்லை. ஒருநாள் மத்தியானம் அம்மா அந்தத் தரையை ஈரத்துணியால் துடைத்தா. ஈரம் ஒரே மாதிரிக் காயவில்லை. பாய் கிடந்த இடம் முதலில் வெளிறியது. தலைமாடு சற்றே வளைந்து, கால்மாடு மடங்கி, ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த நீளம். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சுற்றியிருந்த ஈரமும் காய்ந்து, அந்த உருவம் தரைக்குள் போய்விட்டது.

அம்மா அன்றே ரொறொன்ரோவில் இருந்த தன் தம்பிக்கு ரெலிபோன் எடுத்தா. "ஞாயிற்றுக்கிழமை வானோட வாறன், சாமான்களைக் கட்டுங்கோ அக்கா" என்றார் மாமா. என்னிடம், "படிப்பு இஞ்சையும் இருக்குத்தானே?" என்றார்.

இருந்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் முழுதாகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெரியாத பிரெஞ்சில் முட்டி மோதிப் படித்து, இங்கே கல்லூரியில் தொழில்நுட்ப வகுப்பில் இடம் எடுத்திருந்தேன். முதல் வருடம் பாதிதான் முடிந்திருந்தது. அதை ஒரு சூடான தரைக்காக விட்டுவிட்டு, வேறோர் ஊரில் இடம் கேட்டுக் கல்லூரி வாசல் வாசலாக நிற்க நான் தயாரில்லை.

வீட்டுக்காரர் புளோரிடாவில் இருந்தார். எனவே வெள்ளிக்கிழமை காலை நானே வேலையில் இறங்கினேன். எல்லா அறைக் குழாய்களும் தொடங்குவது அந்த அறை மூலையில், தரையோடு ஒட்டிய சின்ன அலுமாரிக்குள். பித்தளைக் கட்டையில் வரிசையாக வால்வுகள். ஒவ்வொன்றின் தலையிலும் வயர் பூட்டிய ஒரு மூடி. சக்கரத்தை மூடினால் அந்த மூடி வால்வின் ஊசியை அழுத்தும், தண்ணீர் நிற்கும். பெரியப்பாவின் வால்வு மூடியைக் கழற்றி ஊசியை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

"கை வையாதை," என்றா அம்மா வெளியிலிருந்து. "உயிரோட இருக்கேக்கை நான் குடுக்காத சூட்டைத் தேடி வந்திருக்கிறார்."

ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஊசியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. களிம்புக்குள் மஞ்சள். அந்தியேட்டி முடிந்த அன்று அம்மா, ஊரில் செய்வதுபோல, வாளியில் மஞ்சளும் உப்பும் கரைத்து வீடு முழுக்க ஊற்றிக் கழுவியிருந்தா. சாவுத் துடக்கு இதற்குள்ளும் ஒளித்திருக்கும் என்று இந்த அலுமாரிக்குள்ளும் ஒரு செம்புத் தண்ணீர்.

"அம்மா, இது பெரியப்பா இல்லை. உங்கட மஞ்சள் தண்ணி. ஊசி திறந்தபடி இறுகிப்போச்சு."

"மஞ்சள் தண்ணி ஆளின்ரை உருவத்திலையோ காயும்?"

"அது குழாய் வளையிற இடம்."

"அவர் படுக்கிற இடத்திலை ஏன் வளைஞ்சது?"

"வளைஞ்ச இடத்திலைதான் அவர் படுத்தவர். அங்கைதானே சூடு கூட."

சொல்லிவிட்ட பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆசுப்பத்திரிக் கட்டிலிலும் அவர் அப்படியேதான் கிடந்தார். தலை சற்றே வளைந்து, கால் மடங்கி. எத்தனை குளிர்காலம் அந்தக் குழாயோடு படுத்து அதன் வளைவை உடம்பில் எடுத்தாரோ.

தையல் மெசின் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, குறட்டால் ஊசியை மெல்லத் திருகினேன். இழுத்தால் தண்ணீர் பீறிடும் என்று தெரியும். அதனால் திருகுவதும் அழுத்துவதும் மட்டும். நெடுநேரத்துக்குப் பிறகு அது உள்ளே போய், உயிருள்ளதுபோல என் விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. மூடியைத் திரும்பப் பூட்டினேன்.

நாலு மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. அம்மா வெறுங்காலோடு உள்ளே வந்து நின்றா.

"குளிர்ந்திட்டுது."

அப்போது தரைக்குள்ளிருந்து நீளமாக ஒரு முனகல், பிறகு ஒரு சொடக்கு. யாரோ புரண்டு படுப்பதுபோல. அம்மா என் கையைப் பிடித்தா. சூடு இறங்கினால் குழாய் சுருங்கும், சத்தம் போடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்தக் கையை விடவில்லை.

"சூட்டைக் கூட்டு," என்றா.

"என்ன?"

"கூட்டு எண்டிறன். இனிக் குறைக்க மாட்டன்."

சக்கரத்தைத் திருப்பினேன். கொஞ்சம் பொறுத்து, குழாய்க்குள் தண்ணீர் ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது.

"ரொறொன்ரோவிலை தம்பியின்ரை வீட்டிலை சூடு சுவராலைதான் வருமாம்," என்றா அம்மா, தரையைப் பார்த்தபடி. "அங்கை இவர் எங்கை படுப்பார்?"

பெரியப்பா இல்லை என்று காட்டத்தான் நான் அந்த அலுமாரியைத் திறந்தேன். இப்போது அவருக்காகவே அம்மா போக மறுத்தா.

அவ சோறு வடிக்கப் போனதும் மாமாவுக்கு ரெலிபோன் எடுத்து வான் வேண்டாம் என்றேன். "ஏன், பேய் வெளிக்கிட்டிட்டுதோ?" என்று சிரித்தார்.

"இல்லை மாமா. இருக்கச் சொல்லியாச்சு."

அந்த அறைக் கதவைப் பூட்டுவதா, திறந்து விடுவதா என்று கேட்க அம்மா திரும்பி வந்தபோது, என் மேசையும் மெத்தையும் ஏற்கெனவே உள்ளே இருந்தன.