கையெழுத்துப் போட்டவர் ஏறும் இருக்கை

மார்ச் 2. பிரேக் பார்த்த பேருந்துகள் 9. வெளியே விட்டவை 9.
மார்ச் 19. பிரேக் பார்த்த பேருந்துகள் 11. வெளியே விட்டவை 8.
ஏப்ரல் 27. பிரேக் பார்த்த பேருந்துகள் 14. வெளியே விட்டவை 0.

அந்தப் பூஜ்யத்தை எழுதியவர் பணிமனையின் தலைமை மெக்கானிக், ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி. வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தாலும் ஓட்டுநர், நடத்துநர், கேன்டீன்காரர் எல்லோருக்கும் அவர் பிரேக்கக்காதான்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், உதவியாளர் பார்த்த ஒரு வண்டிக்குத் தான் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது பாலத்துச் சரிவில் நிற்காமல் போய் மதிலில் மோதியது. நடத்துநருக்கு முழங்கை முறிந்தது. விசாரணையில் பழியை உதவியாளர் தலையில் கட்டியிருக்கலாம். "பாத்தது அவரு, போட்டது நான்" என்று சொல்லிவிட்டு, ஒரு வருட ஊதிய உயர்வை இழந்தார். பழுது நீங்கி அந்த வண்டி வெளியேறிய காலையில், ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பாலம் இறங்கி, ஏறி, திரும்பி வந்தார். மறுநாள் இன்னொரு வண்டி. அதற்கடுத்த நாள் வேறொன்று. யாரும் உத்தரவு போடவில்லை. பிரேக்குக்குக் கையெழுத்துப் போடுகிறவர் முதல் ஓட்டத்தில் ஏற வேண்டும் என்பது பணிமனை வழக்கமாகவே ஆகிவிட்டது.

மழையிலும் ஏறினார், காய்ச்சலிலும் ஏறினார். அவருடைய சொந்தத் தம்பி அங்கேயே ஓட்டுநர். எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிப்பதால் பட்டப்பெயர் ஊதல். மகளின் பள்ளி விழாவுக்கு நேரமாகிறது, இன்று ஒரு நாள் சோதனை வேண்டாம் என்று அவர் கெஞ்சியபோதும் அக்கா அசையவில்லை. விழா முடிந்த பிறகுதான் ஊதல் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 28 அன்று புதிய தடத்தின் தொடக்க விழா. பதினான்கு பேருந்துகளுக்கும் ஒரே சரக்கிலிருந்து புது பிரேக் லைனிங் போட்டிருந்தார்கள். முந்தின நாள் சோதனையில் இரண்டு வண்டிகள் சரிவில் தீய்ந்த நாற்றத்தோடு வழுக்கிப் போய்த்தான் நின்றன. அக்கா பதினான்கையும் நிறுத்திவிட்டார். வந்து மூன்று மாதமே ஆகியிருந்த மேலாளர் பணிமனைக்கே இறங்கி வந்தார்.

"மிச்சம் பன்னெண்டு நல்லாத்தானேம்மா நின்னுச்சு?"

"எல்லாம் ஒரே சரக்கு சார். இன்னைக்கு நின்னுச்சு. நாளைக்கு நிக்கும்னு எனக்குத் தெரியாது."

"ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு."

"அப்ப போஸ்டரையே ஓட்டுங்க சார்."

மேலாளர் பேனாவை எடுத்துப் பதினான்கு படிவங்களிலும் தானே கையெழுத்துப் போட்டார். மதியம் இரண்டு நாற்பதுக்கு அக்கா கையில் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது: நாளை முதல் அவருக்கு வேலை, பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் அறையில்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதினான்கு வண்டிகளும் வரிசையில் நின்றன. ஒன்றிலும் இன்ஜின் ஓடவில்லை. முதல் வண்டியில் ஊதல், தோள் துண்டால் முன் இருக்கையைத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"வாங்க சார். ஜன்னல் சீட்டு, காத்து நல்லா வரும்."

"எனக்கு மீட்டிங் இருக்குய்யா."

"கால் மணி நேரந்தான் சார். பாலம் இறங்கி ஏறிட்டா முடிஞ்சுது. கையெழுத்து உங்களோடதுதானே?"

பின்னாலிருந்து யாரோ, "சாருக்கு வாந்தி வரும் போல, பை ஒண்ணு குடுங்கப்பா!" என்றார். சிரிப்பு வரிசை நெடுகப் பரவியது.

மேலாளர் விறுவிறுவென்று அந்த அறைக்குப் போனார். அக்கா குடைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளுங்களைக் கிளம்பச் சொல்லுங்க."

"நேத்து மதியம் ரெண்டு நாப்பதுலேருந்து உங்க ஆளுங்க சார்."

"நீங்கதான் தூண்டி விட்டிருக்கீங்க!"

"நான் வாயே தொறக்கல. நீங்க ஏறி உக்காருங்க, அவங்க கிளம்பிடுவாங்க."

மேலாளர் ஏறவில்லை. விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் ரிப்பனை வெட்டிவிட்டுக் காரில் திரும்பினார்கள். ஒன்பதாம் நாள் வேறு லைனிங் வந்து, பதினான்கும் ஓடின.

மே 6 அன்று அக்காவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம்: எழுத்தில் வருத்தம் தெரிவித்தால் பழைய பதவி திரும்பக் கிடைக்கும். அவர் ஓய்வு பெறப் பதினெட்டு மாதம் இருந்தது. தையல்காரரான கணவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ஒரு வரிதானே? எழுதிக் குடுத்துட்டு நாற்காலியில போய் உக்காரேன்."

"எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வண்டியில ஏறுறது?"

"குடை எண்ணிக்கிட்டே ரிட்டயர் ஆகப் போறியா?"

"எண்ணுறேன். நல்ல குடைங்க."

அக்கா எழுதியதும் ஒரே வரிதான்: 'வருத்தம் இல்லை.' ஜூன் 11 அன்று இரண்டாம் கடிதம், முப்பது நாள் கெடு வைத்து. பதிலில் அதே வரி, அதே மை.

அவருடைய இடத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் இளைய மெக்கானிக்கை நியமித்தார்கள். முதல் நாள் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் ஊதல் முன் கதவைத் திறந்து பிடித்தார். வந்தவர் ஓட்டுநரைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

ஜூலை 23 அன்று வந்த கடைசிக் கடிதத்தில் இரண்டு உத்தரவுகள் இருந்தன. ஓய்வு பெறும்வரை அம்மையாருக்கு அந்த அறைதான். விதிப்புத்தகத்தில் இல்லாத அந்த வழக்கம் இன்றோடு நிறுத்தப்படுகிறது. அதன் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஓட்டுநர்கள் படித்தார்கள். புதிய தலைமை மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை நிதானமாகப் படித்தார். பிறகு கையில் இருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போய் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.