பாப்பா என்று கூப்பிட்ட குரல்

இது நடந்தது பட்டப்பகலில். கனவு கண்டிருப்பாள் என்று தள்ளிவிட வழியில்லை. அந்த டாக்டருக்குக் கட்டுக்கதை சொல்லவும் வராது.

அவசரப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். மதியம் ஒரு வயதான அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நெடுநாளாகப் படுத்த படுக்கை. இப்போது நுரையீரலும் கைவிட்டுவிட்டது. குழாய் இறக்கி மெஷினில் போட்டால் இரண்டொரு நாள் தள்ளும், அவ்வளவுதான். டாக்டர் கட்டிலருகே குனிந்தாள்.

"அம்மா, மூச்சுக்குக் குழாய் போடட்டுமா? இல்ல, கஷ்டம் தெரியாம மருந்து மட்டும் குடுக்கட்டுமா?"

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து கரகரவென்று பதில் வந்தது.

"குழாய் வேண்டாம் பாப்பா."

வெளியே பெஞ்சில் கணவர், மனைவியின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, குழாய் வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கவாதம் வந்ததுலேருந்து அவளுக்குப் பேச்சே கிடையாதும்மா. கட்டில் காலியாகணும்னா நேரா சொல்லுங்க. என் காதுல பூ சுத்தாதீங்க."

"இல்லைங்க ஐயா... நான் கேட்டேன்..."

"போடுங்கம்மா குழாயை."

 உள்ளே மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஓடினாள். மாஸ்க்கை எடுத்தாள்.

"வேண்டாம் பாப்பா..."

உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

"சிஸ்டர், கேட்டுச்சா?"

"என்ன டாக்டர்?"

மயக்க மருந்து ஏறியது. கண்கள் மூடின. குழாய் இறங்கியது.

தொண்டையில் குழாய் இருந்தால் யாராலும் பேச முடியாது.

"சொன்னேனே..."

அவள் கை நின்றது.

"...பாப்பா."

மெஷினிலேயே கிடந்து அந்த அம்மா இறந்துபோனார். பிறகு மகள் வந்து, போனில் சேமித்து வைத்திருந்த அம்மாவின் பழைய குரலைப் போட்டுக் காட்டினாள். யாரையோ செல்லமாகத் திட்டும் குரல். மெல்லிய, கீச்சுக் குரல்.

டாக்டர் காதில் விழுந்த குரல் இது இல்லை.

மகள் வந்துபோன அன்று மாலை டாக்டர் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பான்னா கூப்ட்டாங்க?"

"ஆமா. கரகரன்னு ஒரு குரல்."

"இந்த அம்மாவைக் கொண்டுவந்த அன்னிக்குக் காலையில, நீங்க டூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடி, அதே கட்டில்ல வேற ஒரு அம்மா இருந்தாங்க டாக்டர். எங்க எல்லாரையுமே பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. குழாய் வேண்டாம்னு கெஞ்சினாங்க. மகன் கேக்கல. போட்டோம்... போட்ட கையோட போயிட்டாங்க."

டாக்டர் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்ட கேள்விக்கு வேறு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். தன்னையே பார்த்துக்கொண்டு கிடந்த அந்த அம்மாவுக்கு என்ன வேண்டியிருந்தது...

அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.