உக்கிரபாண்டியின் வலது கால்

உட்கார்ந்தால் போதும், உக்கிரபாண்டியின் வலது கால் ஆட ஆரம்பித்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு ஆடும். கட்டிலில் உட்கார்ந்தால் அதில் காயப்போட்ட மிளகாய் வற்றலும் சேர்ந்து ஆடும். தங்கச்சி முனீஸ்வரி சின்ன வயதில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகியவள். அவள் கையெழுத்து கோணலாகப் போனதற்கும் அந்தக் காலைத்தான் வீட்டில் குற்றம் சொன்னார்கள்.

"காலாட்டாதடா, வீட்டுல இருக்கிற லட்சுமி எந்திரிச்சுப் போயிருவா" என்பாள் அம்மா.

"இருந்தாத்தானம்மா போறதுக்கு" என்பான் அவன்.

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் அவனுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் அங்கே அவனைப் பார்ப்பவர்களுக்கு அவ்வளவாக ஒன்றும் தெரியாது. கல்யாணப் பேச்சு தொடங்கியதும்தான் வினை வந்தது. பெண் பார்க்கப் போனால் உட்காரச் சொல்கிறார்களே! முதல் வீட்டில் காபி டம்ளர்கள் தட்டோடு கிலுகிலுத்தன. இரண்டாவது வீட்டில் பெண்ணின் தாய்மாமன் நேராகவே சொல்லிவிட்டார்: "பையன் நல்லவந்தேன். ஆனா காலாட்டுறவன் வீட்டுல காசு தங்காதுல்ல."

மூன்றாவது இடம் டி. கல்லுப்பட்டிப் பக்கம். பெண்ணின் பெயர் சின்னத்தாய், ஆசிரியர் பயிற்சி முடித்தவள். சான்றிதழ் நகலெடுக்க ஒருமுறை அவன் கடைக்கே வந்திருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் கறுப்பா வராதாண்ணே?" என்று அவள் கேட்ட கேள்வி அன்றிலிருந்து அவன் காதுக்குள்ளேயே நின்றது. அண்ணே என்றாள் என்பதை மட்டும் அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏ முனீசு, இதுவும் தப்பிருச்சுன்னா நான் சாமியாராப் போயிருவேன்டி."

"சாமியாரும் உக்காரத்தாண்ணே செய்யணும்."

முனீஸ்வரி அப்போது விலங்கியல் கடைசி வருஷம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அதனால் தோலுக்குள் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்று தெருவே நம்பியது. ஆட்டுக்கு வயிறு ஊதினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குத்தான் சந்தேகம். படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் வருகிறது, சரி. வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிற இந்தக் காலுக்கும் அந்தப் படத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

"எலும்போட ஒட்டியிருக்கிற தசை நம்ம சொன்னாத்தான் அசையும்ணே. இதயத்துத் தசை யாரையும் கேக்காது. குடல்ல இருக்கிறது தன் பாட்டுக்கு நெளியும்."

"அப்ப என் காலு எந்த வகைடி?"

"மொத வகைதான். ஆனா தன்னை இதயம்னு நெனச்சுக்கிருச்சு."

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தசைக்கு உத்தரவு நரம்பு வழியாகத்தான் போகிறது. ஓஸ் பைப்பை மிதித்தால் தண்ணீர் நிற்பதுபோல நரம்பை அமுக்கிவிட்டால்? சம்மணம் போட்டு, வலது காலை இடது தொடைக்கு அடியில் நன்றாகக் கொடுத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் அதன் மேல் இறக்கி உட்காரச் சொன்னாள்.

பெண் வீட்டில் அப்படியே உட்கார்ந்தான். சின்னத்தாயின் அப்பா ஆண்டிச்சாமி முதலில் அவன் காலைத்தான் பார்த்தார். சேதி அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. கால் அசையவில்லை. யார் யாருக்கு என்ன முறை என்று பெரியவர்கள் கிளை கிளையாகத் தேடிப் பிடித்து முடிக்கும்வரை அசையவில்லை.

"யாருய்யா காலாட்டுறான்னு சொன்னது? பையன் மலை மாதிரி உக்காந்திருக்கான்!" என்றார் ஆண்டிச்சாமி.

முனீஸ்வரிக்குத் தரையில் கால் பாவவில்லை. படித்தது ஒன்று முதன்முதலாக வீட்டுக்கு உதவியிருக்கிறது!

"எந்திரிங்க மாப்ள, எல போட்டாச்சு."

உக்கிரபாண்டி எழுந்தான். இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை. எங்கே போயிற்று என்பதுபோலக் கீழே பார்த்தான். அப்படியே சாய்ந்து ஆண்டிச்சாமியின் தோளைப் பிடித்தான். அவர் தாம்பாளத்தைப் பிடித்தார். மூன்றும் சேர்ந்து விழுந்தன. தேங்காய்கள் வாசல்வரை உருண்டு ஓடின.

"சுளுக்குய்யா, உருவி விடுங்க!" என்று நாலு பேர் பாய்ந்து அந்தக் காலைப் பிடித்தார்கள். மரத்த கால் முழித்துக்கொள்கிற நேரம் அது. ஆயிரம் எறும்பு ஒரே நேரத்தில் ஊர்வதுபோல இருந்தது அவனுக்கு.

"தொடாதீங்க! அய்யோ, ஹிஹி, சாமி, ஹிஹி, விட்டுருங்க!"

அழுகையும் சிரிப்புமாக அவன் துடிக்கத் துடிக்க, அவர்கள் இன்னும் இறுக்கி உருவினார்கள். கால் திடீரென்று உயிர்பெற்று ஓர் உதை விட்டது. உருவிக்கொண்டிருந்தவரின் துண்டு பறந்து போய் பாயசச் சட்டிக்குள் விழுந்தது.

"என்னய்யா கூத்து இது?" என்று எழுந்து உட்கார்ந்தார் ஆண்டிச்சாமி.

பொய் சொல்ல உக்கிரபாண்டிக்கு மூச்சு இல்லை. "ஆடுற காலுக்குப் பொண்ணு தர மாட்டீங்கன்னு தங்கச்சிதேன் அதை மரக்க வச்சுச்சு மாமா."

ஆண்டிச்சாமி மீசையைத் தடவினார். கதவுக்குப் பின்னாலிருந்து, முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்காமல் ஒரு சிரிப்பு வெடித்தது. சின்னத்தாய்.

"அவுக கால் ஆடும்னு எனக்குத் தெரியும்ப்பா. கடையில ஸ்டூல்ல உக்காந்திருக்கும்போதே பாத்தேன்."

"காசு தங்காதேத்தா."

"நீங்க அசையாமத்தான் உக்காந்திருக்கீங்க. ஒங்ககிட்ட எம்புட்டுப்பா தங்கிருக்கு?"

முதலில் சிரித்தது ஆண்டிச்சாமியின் பெண்டாட்டிதான். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வது கஷ்டம். ஆண்டிச்சாமியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, எல காத்திருக்கு. மெதுவா வாங்க" என்றார்.

பந்தியில் உக்கிரபாண்டி வெளுத்துக் கட்டினான். முழங்கால் பழையபடி ஆடியது. பக்கத்து இலையில் மாமனாரின் ரசம் அலையடித்தது.

"இம்புட்டும் எங்கய்யா போகுது? ஒடம்புல ஒட்டலையே!" என்றார் அவர்.

அந்தக் கேள்வி முனீஸ்வரியைப் பிடித்துக்கொண்டது. சோறு சர்க்கரையாகிறது, ரத்தம் சுமந்து போகிறது, மூச்சுக்காற்று சேர்ந்து தசைக்குள் எரிகிறது. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு மட்டும் எத்தனை கவளம் செலவாகிறது என்று எங்கும் இல்லை.

திரும்பி வரும்போது வேனில் அண்ணன் குதித்துக்கொண்டே வந்தான். "கேளுடி முனீசு, என்ன வேணும்னாலும் கேளு!"

"ரெண்டு நாளு வேணும். ஒரு நா ஆட்டிக்கிட்டே இரு. ஒரு நா ஆட்டாம இரு. நான் சோத்த நிறுத்துப் போடுறேன், ஒன் எடையவும் பாத்துக்கிறேன்."

"இம்புட்டுத்தானா? கருப்பன் மேல சத்தியம்!"

ஆட்டுகிற நாளைச் சிரமமில்லாமல் கொடுத்துவிட்டான். ஆட்டாத நாளுக்குத்தான் நேரம் வரவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றான். மெஷின் ரிப்பேர் என்றான். மகள் பிறந்த பிறகு தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டான். முனீஸ்வரி எம்.எஸ்சி. படிக்கிறபோதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசோடு வந்து நின்றாள்.

"இப்ப நிப்பாட்டுனா புள்ள முழிச்சிரும்டி" என்றான் கிசுகிசுப்பாக.

"முழிக்கட்டும்! சாமி மேல சத்தியம் பண்ணுன மனுசன்தானே?" என்று அடுப்படியிலிருந்து சின்னத்தாய் கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் பிள்ளை முழித்துக்கொண்டது. கால் இன்னும் வேகமெடுத்தது. முனீஸ்வரி சிரித்துக்கொண்டே தராசைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அசையாத அந்த ஒரு நாளை உக்கிரபாண்டி அவளுக்கு இன்னும் தரவில்லை.