அமுதா அக்காவின் இரண்டு பெட்டிகள்

இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறியபோது தேவகி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சுமதி, அமுதாக்கா போயிட்டாங்களாம். மாரடைப்பாம்." பஸ் நகர்ந்தது. வெளியே பனி. தொழிற்சாலைகள் தரையில் ஊன்றாமல் மிதந்துகொண்டிருந்தன. அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அந்தக் காலை அப்படித்தான் விடிந்திருக்கும்.

கார் சீட் தைக்கும் நம் லைனுக்கு அவர் சூப்பர்வைசர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருடச் சேமிப்பில் அவர் ஒரு ஜோடி வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்கியபோது நாம் பேசாத பேச்சில்லை. கேன்டீனில் ஒருவர், "அந்தக் காசுக்கு காரே வாங்கிருக்கலாமே" என்றார். அக்கா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "கார் வச்சிக்கினு நான் எங்க போவப்போறேன்? இதுன்னா உக்காந்த எடத்துலயே போயிட்டு வந்துடுவேன்" என்றார்.

ஒரு ஞாயிறு மதியம் ஸ்ரீபெரும்புதூரில் அவர் வீட்டில் இருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து தம்பி குமரன் கோபமாக வந்தார். அந்தச் சேமிப்பில் வாங்கலாம் என்று தன் மனைக்குப் பக்கத்து மனையை அக்காவுக்காகப் பேசி வைத்திருந்தவர் அவர்.

"ரெண்டு பொட்டிக்கு இவ்ளோ காசாக்கா? நாளைக்கு ஒனக்கு யாரு கீறா?"

"கேட்டுட்டுத் திட்டு. மொதல்ல உக்காரு."

ஸ்பீக்கரில் நாதஸ்வரம் தொடங்கியது. வாசிப்பவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. வெயில் ஜன்னல் வழியே வந்து தரையில் படுத்துக்கொண்டது. திட்ட வந்தவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனார். அக்கா ஒலியைக் குறைத்துவிட்டு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

எழுந்ததும் குமரன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த ஆளு பக்கத்துல குந்திகினு வாசிச்ச மாறி இருந்துச்சுக்கா. ஆனா வெல ஜாஸ்திதான்" என்றார்.

"ஜாஸ்திதான். நான் இல்லன்னு சொல்லலியே."

விலையைப் பற்றி அக்காவுக்கு மயக்கம் இருந்ததில்லை. கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒருமுறை ஸ்பீக்கருக்கு விலை உயர்ந்த ஒயர் வாங்கிவந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, பழையதையும் புதியதையும் என்னை மாற்றி மாற்றி மாட்டச் சொன்னார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் கேன்டீனில் அவரே சொல்லிச் சிரித்தார்: "என்னைத் திட்டறவங்க பாதி சரியாத்தான் சொல்றாங்க. எந்தப் பாதின்னுதான் அவங்களுக்குத் தெரியல."

காரியத்தன்று உறவினர் ஒருவர் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, "இத வித்தா இன்னா தேறும்?" என்றார். "அது விக்கறதுக்கு இல்ல" என்றார் குமரன். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "இத எப்டிம்மா போடறது?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.

என்னிடம் அக்கா விட்டுப்போனது ஒரு பழக்கம். பாட்டு முடிந்தவுடன் அக்கா பேசமாட்டார். நம்மையும் பேச விடமாட்டார். "ரூம்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் கீது" என்பார். நேற்று கம்பெனி பஸ் ஒரகடம் வந்ததும் டிரைவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். எல்லோரும் இறங்க எழுந்தார்கள். நான் அசையவில்லை.

"இன்னாடி, தூங்கிட்டியா?" என்றாள் தேவகி.

"இல்ல. கொஞ்சம் இரு."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.